மகன் கடற்படையில் சைன் ஆன் பண்ணுகிறேன் (முழுநேர வேலையாகச் சேர்கிறேன்) என்கிறான். உங்கள் வீட்டில் யாராவது கப்பலில் இருந்திருக்கிறார்களா?

பொங்கோல்_அப்பா
எல்லாருக்கும் வணக்கம். பெரிய மகனுக்கு 21 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்துறைப் பொறியியல் முடித்துவிட்டு தேசிய சேவைக்குப் போனான், தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் கடற்படைக்கு அனுப்பினார்கள். சரி, இரண்டு வருடம் கப்பலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று இருந்தோம். இப்போது ஓஆர்டி, அதாவது தேசிய சேவை முடியும் நாள், நெருங்கும் நேரத்தில், வெளியே வரவில்லை, அங்கேயே சைன் ஆன் பண்ணுகிறேன், என்ஜின் பிரிவில் எடுத்துக்கொள்வார்கள் என்கிறான்.

நான் அந்தக் காலத்துக் காலாட்படை. கடலோடு எனக்கு உள்ள சம்பந்தம் ஈஸ்ட் கோஸ்ட்டில் தூண்டில் போட்டதோடு சரி. எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் கப்பலில் வேலை பார்த்தவர் யாரும் இல்லை. மனைவி பிடிவாதமாக வேண்டாம் என்கிறாள். 2003 ஜனவரியில் பெட்ரா பிராங்கா தீவுப் பக்கம் நம் சிங்கப்பூர்க் கடற்படையின் 'கரேஜியஸ்' கப்பலும் ஒரு சரக்குக் கப்பலும் மோதி நான்கு பெண்கள் இறந்தார்களே, அந்தச் செய்தி டிவியில் ஓடும்போது இவன் அவள் வயிற்றில் இருந்தான். அதை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறாள், நான் என்ன பதில் சொல்வது?

சம்பளம், போனஸ், படிப்புச் சலுகை எல்லாம் ஆள்சேர்ப்பு இடத்தில் கேட்டால் பளபளவென்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சொல்லிவிடுவார்கள், அது எனக்கு வேண்டாம். அப்பாவோ மாமாவோ கணவரோ கடற்படையில் இருந்தால் அந்த வீடு எப்படி ஓடும்? அதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள். எந்த ஊர்க் கடற்படையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓஆர்டி_ஆச்சு
அங்கிள், நான் கொஞ்ச நாள் முன்னால்தான் வெளியே வந்தேன், சைன் ஆன் பண்ணவில்லை, அதனால் என் பேச்சுக்குப் பாதி மதிப்பெண் போதும். முதல் தடவை கடலுக்குப் போனது டிசம்பரில். சிங்கப்பூர் நீரிணைக்குள் இருக்கும்வரை கப்பல் நகர்கிறதா என்றே தெரியாது, ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் தாண்டித் தென்சீனக் கடலுக்குள் நுழைந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று யார் என்று காட்டியது. மைலோ உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த சார்ஜண்ட் சிரித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பையும் இரண்டு உலர்ந்த பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, வாட்ச் (உன் பணிமுறை) முடிய இன்னும் நேரம் இருக்கிறது, நின்று பார் என்றார்.

கப்பலின் நடுவில் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு, முன்பக்கம் படுக்கை கிடைத்தவன் பாவம். காலி வயிறோடு இருந்தால் இன்னும் மோசம். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், தூங்கினால் திட்டு வரும். உங்கள் மகன் இதையெல்லாம் பார்த்த பிறகும் இருக்கிறேன் என்கிறானா? அப்படியானால் அவனுக்குப் பிடித்துத்தான் கேட்கிறான் அங்கிள். எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கரையைப் பார்த்ததும் ஓடினோம்.

எதிர்க்கட்சி
நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 21 வயதில் சம்பளம் கவர்ச்சியாகத்தான் இருக்கும், கூடப் படித்தவன் வேலை தேடி அலையும்போது இவன் வீவக வீட்டுக்கே (அரசு அடுக்குமாடி வீட்டுக்கே) மனுப் போட்டுவிடுவான். ஆனால் ஒப்பந்தம் முடிந்து 30க்கு மேல் வெளியே வரும்போது என்ன? என் அத்தை மகன் கப்பலில் ராடார் பார்த்தவன், நல்ல பதவியில் இருந்தான். வெளியே வந்து ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனால், உன் அனுபவம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டுவிட்டு, நேற்று டிப்ளோமா முடித்தவனுக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சொன்னார்கள். கடல்துறை படித்தவன் வணிகக் கப்பலுக்குப் போகலாம், உலகம் முழுக்கச் செல்லும் சான்றிதழ் கையில் இருக்கும். நாட்டுப்பற்றை நான் குறை சொல்லவில்லை, கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

கடல்_கணக்கு
@எதிர்க்கட்சி அண்ணே, சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் என்ஜின் ஆட்களுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. டீசல் என்ஜின், மின்னாக்கி, குளிரூட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் எல்லாம் எங்கே போனாலும் அதே சாமான்தான். என்னோடு இருந்தவர்கள் இன்று கப்பல் பட்டறையிலும் மருத்துவமனைக் கட்டடப் பராமரிப்பிலும் இருக்கிறார்கள்.

நான் ஒப்பந்தம் முழுக்க இருந்து வெளியே வந்தவன். பெரும்பாலும் 'என்டூரன்ஸ்' வகைத் தரையிறங்கு கப்பல்கள், 141 மீட்டர் நீளம், பின்னால் கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பி சின்னப் படகுகள் மிதந்து வெளியே போகும். 2009இல் இருந்து சிங்கப்பூர் ஏடன் வளைகுடாவுக்குக் கப்பல் அனுப்பியதே, சோமாலியக் கடற்கொள்ளைக்காக, அதில் நானும் போனேன். மாதக்கணக்கில் வெளியே. போவதற்கு முன்னால் வீட்டில் என் மனைவி ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். கார் சாலைவரி எப்போது, காப்புறுதி எண் என்ன, மத்திய சேமநிதியில் எனக்குப் பிறகு பணம் பெற யாரை நியமித்திருக்கிறேன் என்று. கடைசி விஷயத்தை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

அங்கே வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். சரக்குக் கப்பல்கள் ஒரு குறிப்பிட்ட பாதையில் வரிசையாகப் போகும், ஹெலிகாப்டர் மேலே சுற்றும், சேனல் 16 என்ற அவசர ரேடியோ அலைவரிசையில் யாராவது பயந்த குரலில் ஒரு படகு நெருங்கி வருகிறது என்பார்கள், போய்ப் பார்த்தால் முக்கால்வாசி மீனவர்கள். ஒரு இரவு ஒரு எண்ணெய்க் கப்பலிலிருந்து பேசிய அதிகாரியின் ஆங்கிலத்தைக் கேட்டதுமே இவர் நம்ம ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. விவரமெல்லாம் முறைப்படி முடித்துவிட்டுக் கடைசியில் மெதுவாக, சார் நீங்க தமிழா என்றார். ஆமா என்றேன். தூத்துக்குடி சார், நல்லா இருங்க என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது.

தீபாவளி கடலில் வந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கை நமத்துப் போகாமல் காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருந்தேன். சமையலறையில் இருந்த மலாய்க்காரத் தம்பி, அண்ணே இன்று உங்களுக்காக என்று கோழிக்கறி செய்தான், அவனுக்கு முறுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. இதெல்லாம் நல்ல பக்கம். அந்தப் பயணத்தில்தான் என் மாமனார் தவறினார். மின்னஞ்சலில் செய்தி வந்தபோது கரை பல நாள் தூரத்தில். என் மைத்துனன் காரியம் எல்லாம் செய்து முடித்த பிறகுதான் நான் சாங்கிக்கு வந்து இறங்கினேன். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, மற்ற சொந்தக்காரர்கள்தான் இன்றுவரை சொல்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், உங்கள் மாமியார் கேட்டால் சொல்லுங்கள். நம் கடற்படையில் அதிகாரிகளுக்கும் தரைப்படை மாதிரியே கேப்டன், மேஜர், கர்னல் என்றுதான் பதவி, உச்சிக்குப் போனால் மட்டும்தான் அட்மிரல். என் மாமனார் கடைசிவரை நான் ஆர்மியில் இருப்பதாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேக்கா_தம்பி
என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன், அவர் இப்போது இல்லை. 1975 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சிங்கப்பூர்க் கடற்படை என்று தனிப்படையாக ஆனது. அவர் அப்போது பிரானி தீவில் இருந்த தளத்தில் என்ஜின் மெக்கானிக், கல்யாணம் ஆகாத வயசு. அந்த மாதக் கடைசியில் சைகோன் விழுந்தது. மே முதல் வாரத்திலேயே வியட்நாமில் இருந்து கிளம்பிய கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் சிங்கப்பூர் எல்லைக்கு வர ஆரம்பித்துவிட்டன, 8,000 பேருக்கு மேல். 'ஆபரேஷன் தண்டர்ஸ்டார்ம்' என்று பெயர். யாரையும் கரையில் இறங்க விடக்கூடாது, ஆனால் சாப்பாடு, தண்ணீர், மருந்து, எரிபொருள் கொடுத்து, படகைப் பழுதுபார்த்து அனுப்பவேண்டும். அதுதான் உத்தரவு.

பெரியப்பா செய்தது பழுதுபார்ப்பு. ஒவ்வொரு படகாக ஏறி, ஓடாத என்ஜினை ஓட வைப்பது. அவர் சொல்வார், வாழ்க்கையில் எத்தனையோ என்ஜினைச் சரிபண்ணி அது ஓடும்போது சந்தோஷப்பட்டிருக்கிறேன், அந்த ஒரு மாதம் மட்டும் என்ஜின் ஸ்டார்ட் ஆனாலே வயிற்றைப் பிசையும் என்று. ஏனென்றால் என்ஜின் ஓடினால் அவர்கள் போயாகவேண்டும். ஒரு படகில் ஒரு கிழவி அவர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாராம். மொழி தெரியாது. இவர் வேலையை மெதுவாகச் செய்திருக்கிறார், மேலே இருந்தவர் இரண்டு தடவை சத்தம் போட்ட பிறகுதான் முடித்திருக்கிறார்.

வீட்டில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது, மகன் அந்த மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் எரிந்து விழுந்தான் என்பது மட்டும்தான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வந்து தலையணைக்கு அடியில் வைத்தார்களாம். ரொம்ப வருடம் கழித்து, நான் தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தைய ராத்திரி எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். அவர் மகனிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

எதிர்க்கட்சி
@தேக்கா_தம்பி இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் இடமே இல்லாத ஊர், அன்று வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வியும் இருக்கிறது.

தேக்கா_தம்பி
அவரும் அதையேதான் சொல்வார். உத்தரவு தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நெறியாளர்
நடுவில் ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இப்போது வேலையில் இருக்கும் உறவினரின் கப்பல் எது, எந்தத் தேதியில் எங்கே போகிறது என்று தயவுசெய்து எழுத வேண்டாம். பழைய கதைகள் தாராளமாக எழுதுங்கள். எழுதியவருக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், கோபம் வேண்டாம்.

மீனா_உட்லண்ட்ஸ்
நெறியாளர் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எனக்கு எழுதுவதற்குத் தேதியே கிடையாது. என் கணவர் நீர்மூழ்கியில் இருந்தவர். வெளியே போகிறேன் என்பார், எங்கே, எப்போது வருவாய் என்றால் வருவேன் என்பார். மாமியாருக்கு முதலில் என் மேல் சந்தேகம், மகன் என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் மறைக்கிறான் என்று. எனக்கும் தெரியாது அத்தை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

1990களில் சிங்கப்பூர் ஸ்வீடனிடமிருந்து பழைய நீர்மூழ்கிகளை வாங்கியது, நம் ஆட்களை அங்கேயே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். கார்ல்ஸ்க்ரோனா என்று பால்டிக் கடலோரம் ஒரு சின்ன ஊர். ஈசூனில் பிறந்து வளர்ந்தவள், மூன்றரை மணிக்கே இருட்டும் ஊரில் கைக்குழந்தையோடு போய் இறங்கினேன். இட்லிமாவு புளிக்கவே புளிக்காது, அடுப்புப்பெட்டியின் விளக்கைப் போட்டு உள்ளே வைத்து மறுநாள் மதியம்தான் பொங்கும். ஆனால் அங்கே இருந்த காலம்தான் நாங்கள் ஒன்றாக இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அதிகப் பயிற்சி கரையில் வகுப்பறையில்தான். அக்கம்பக்கத்தில் நம் சீன, மலாய்க் குடும்பங்கள், ஒருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எல்லார் வீட்டு விளக்கும் எரியும்.

சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை. அந்தப் பழைய நீர்மூழ்கியில் 28 பேர் போல, ஒருவர் எழுந்த படுக்கையில் இன்னொருவர் படுப்பார். குளியல் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்ததும் துணியெல்லாம் டீசல் வாசனை, மற்ற துணியோடு சேர்த்துப் போட்டால் அதுவும் போச்சு. பிள்ளைகள் முதல் நாள் அப்பாவிடம் போகமாட்டார்கள், மூன்றாவது நாள் விடமாட்டார்கள், அப்புறம் அவர் கிளம்பிவிடுவார்.

அண்ணே, உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். ஆபத்தை நினைத்துப் பயந்ததைவிட நான் அழுதது சின்ன விஷயங்களுக்குத்தான். அவர் பெயரில் மட்டும் இருந்த வங்கிக் கணக்கு, அவர் கையெழுத்து இல்லாமல் நகராத படிவம், பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்கு எப்போதும் நான் மட்டும். உங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது முதல் வேலையாகக் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றச் சொல்லுங்கள். வரப்போகும் பெண்ணிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, கப்பலில் வேலை என்றுதான் தரகர் சொன்னார், கப்பல் தண்ணீருக்கு மேலே போகும் என்றுதானே நான் நினைப்பேன்.

ஓஆர்டி_ஆச்சு
அக்கா, கடைசி வரிக்கு நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

தஞ்சை_டு_தெம்பனிஸ்
எந்த ஊர்க் கடற்படையாக இருந்தாலும் என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் இங்கே கணினி வேலை, நிரந்தரவாசி. அப்பா இந்தியக் கடற்படையில் பாய்லர் அறையில் இருந்தவர், 1971 பாகிஸ்தான் போரின்போது 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலில். அதன் பாய்லர்களில் ஒன்றில் விரிசல் இருந்தது, முழு வேகத்தில் ஓட்ட முடியாது. அப்படியே வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள், டிசம்பர் 4ஆம் தேதி அதிலிருந்து விமானங்கள் கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கின. மேலே விமானம் ஓட்டியவர்களைப் பற்றித்தான் ஊரே பேசும், கீழே வெந்துகொண்டிருந்தவர்களுக்கு வெளியே பகலா ராத்திரியா என்றே தெரியாது என்று அப்பா இப்போதும் குறைபடுவார்.

அம்மாவின் கதை வேறு. திருவையாறு பக்கம் கிராமம். கடிதமெல்லாம் பம்பாய் கடற்படை அஞ்சலகம் என்ற முகவரிக்குத்தான் போகும், அங்கிருந்து கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள், அதனால் அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. டிசம்பர் 9ஆம் தேதி 'குக்ரி' என்ற போர்க்கப்பலை டையூ அருகில் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு வராமல் அதோடு போனார். ஒரு கப்பல் போய்விட்டது என்ற செய்தி எங்கள் ஊருக்குக் கடைத்தெரு ரேடியோ வழியாக, வாய்வழியாகத் திரிந்து வந்து சேர்ந்தபோது கப்பல் பெயர் கழன்றுவிட்டது. அம்மா அப்போது என் அக்காவை உண்டாகி இருந்தாள். தாத்தா சைக்கிளை மிதித்துத் தஞ்சாவூர் போய், ரேடியோ வைத்திருந்த ஒரு வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து பெயரை உறுதிப்படுத்திக்கொண்டு வந்தாராம். வந்தவர் வாசலில் நின்று, நம்மது இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே திண்ணையில் படுத்துவிட்டார். நம்மது இல்லை என்ற அந்தப் பேச்சை நினைத்து அம்மா பிறகு ரொம்ப வருத்தப்பட்டாள், அந்த 194 வீட்டில் யாரோ ஒருவருடையதுதானே என்று.

அப்பா இங்கே வந்தபோது சாங்கிப் பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் ஒரு சாம்பல் நிறக் கப்பல் தெரிந்தது. நம் இரண்டு கடற்படைகளும் 1990களில் இருந்து 'சிம்பெக்ஸ்' என்று சேர்ந்து பயிற்சி செய்கின்றன என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, புகைபோக்கியில் புகை சுத்தமாக வருகிறது, நல்ல என்ஜின் ஆள் வைத்திருக்கிறார்கள் என்றார்.

செம்பவாங்காரன்
எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் சீருடை போட்டவன் என் அண்ணன் ஒருவன்தான், ஆனால் கடற்படைச் சோறு மூன்று தலைமுறையாகச் சாப்பிட்டோம். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலியாகச் சேர்ந்தார், 1938 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் பெயரில் அந்தப் பெரிய உலர்துறையைத் திறந்தபோது அவர் அங்கே இருந்தார். கிட்டத்தட்ட 1,000 அடி நீளம். 1941 டிசம்பரில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் அங்கிருந்துதான் கிளம்பின, டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தான் பக்கம் ஜப்பான் விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்துவிட்டன. கிளம்பும்போது துறையில் நின்று பார்த்த கூட்டத்தில் தாத்தாவும் ஒருவர். அவ்வளவு பெரிய இரும்பு எப்படி மூழ்கும் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா அதே இடத்தில் வெல்டர். கான்பரா ரோடு பக்கம் வரிசை வீடுகள், தமிழரும் மலையாளிகளும் நிறைய. ஒரு மரத்தடியில் முருகனுக்கு ஆரம்பித்த கோயில்தான் பிறகு ஈசூனுக்கு மாறிய பாலசுப்பிரமணியர் ஆலயம், இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து வரும் பல குடும்பங்கள் தளத்துக் குடும்பங்கள்தான். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரன் 1971க்குள் போய்விடுவேன் என்று அறிவித்ததும் அந்த வரிசை வீடுகளில் சமையல் வாசனையே குறைந்துபோனது. துறைமுகப் பட்டறையை ஒரு வெள்ளி என்ற பெயரளவு விலைக்கு சிங்கப்பூர் வாங்கி செம்பவாங் கப்பல் பட்டறை ஆக்கியது, அப்பாவுக்கு அதில் வேலை கிடைத்தது, பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கிடைக்கவில்லை, அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். அவர் பிள்ளைகளோடு விளையாடியவன் நான், அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அண்ணன் சேர்ந்தது 1970களின் ஆரம்பத்தில். அப்போது கையில் இருந்தது 'பங்லிமா' மாதிரி சில சின்னக் கப்பல்கள்தான். படையை முதலில் கட்டி எழுப்பியவர் ஜஸ்வந்த் சிங் கில் என்ற சீக்கியர். அப்பாவுக்குப் பயங்கரக் கோபம், வெள்ளைக்காரன் கப்பலையே பார்த்த எனக்கு இதைக் கப்பல் என்று சொல்லாதே என்று. அண்ணன் ஏவுகணைப் படகுக்கு மாறினான், 'சீ வுல்ஃப்' வகை, 45 மீட்டர்தான். வேகமாகப் போகும்போது நிற்கவே முடியாது, முழங்காலை மடக்கி மடக்கி நின்று இன்று அவனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அப்பா ஒருமுறை பிரானிக்குப் போய் அந்தப் படகைப் பார்த்தார். வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்றார். அந்த வகையில் ஆறில் நான்கு சிங்கப்பூரிலேயே கட்டியவை என்று அண்ணன் சொன்னதும் மனிதருக்கு அன்றைய பொழுது போனது. அதற்குப் பிறகு கோப்பிக் கடையில் என் மகன் நேவி என்று முதலில் சொல்வது அவர்தான்.

பொங்கோல் தம்பி, தூரம் என்பது முன்னாலும் இருந்தது. எங்கள் வீட்டில் கப்பல் கரையிலேயே நின்றது, அப்பாவோ இரவு ஷிஃப்டில். அப்பாவைப் பார்த்த பொழுது எங்களுக்கும் குறைவுதான்.

கலா_அக்கா
அண்ணிகளும் அம்மாக்களும்தான் வீட்டில் காத்திருப்பவர்கள் என்று இழை போவதால் இடையில் வருகிறேன். நான் பெண், கப்பலில் இருந்தேன், எங்கள் வீட்டில் காத்திருந்தது என் அப்பா.

2004 டிசம்பர் 26 சுனாமி. அம்மாவின் சொந்தக்காரர்கள் நாகப்பட்டினத்தில். அம்மா தொலைபேசியை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள், எந்த எண்ணும் போகவில்லை. அதே நேரத்தில் எனக்குக் கப்பலுக்கு வரச்சொல்லி அழைப்பு. சுமத்ராவின் மேற்குக் கரையில் மெலாபோ என்ற ஊர், சாலைகளும் பாலங்களும் போய்விட்டதால் கடல் வழியாகத்தான் சாமான் இறக்க முடியும். மண்வாரி இயந்திரம், தண்ணீர், மருந்து, அரிசி என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நாகப்பட்டினத்தில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று தெரியாமலே நான் கப்பல் ஏறினேன். அப்பா என்னை வாசல்வரை விட்டார், நீ அங்கே தூக்கிக் கொடுக்கிற மாதிரி நாகப்பட்டினத்திலும் யாராவது தூக்கிக் கொடுப்பார்கள் என்றார்.

மெலாபோவை நெருங்கும்போதே தண்ணீரில் மரம், கதவு, மெத்தை. வேகத்தைக் குறைத்து, எதுவும் உந்துவிசிறியில் மாட்டாமல் பார்த்துப் பார்த்துப் போனோம். நான் கரையில் இறங்கிய நேரம் குறைவு, பெரும்பாலும் கப்பலில் என்ன போகிறது என்ன வருகிறது என்ற கணக்கு. இறங்கிய நேரத்தில் பார்த்ததை இங்கே எழுதமாட்டேன். ரொம்ப நாள் மீன் சாப்பிடவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். திரும்பி வந்த பிறகுதான் அம்மா சொன்னாள், சித்தி வீட்டில் இரண்டு பேர் இல்லை. எனக்கு அங்கே செய்தி அனுப்ப வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டாராம். அது சரியா தவறா என்று இன்னும் நானும் அப்பாவும் சண்டை போடுகிறோம்.

@பொங்கோல்_அப்பா, கரேஜியஸில் போன நான்கு பேரும் பெண்கள். அந்த வாரம் எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது, வெளியே வந்துவிடு என்று. உங்கள் மனைவியின் பயத்தைத் தப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் ஏன் வெளியே வரவில்லை என்றால், மறுநாள் காலை என் வாட்ச்சுக்கு வேறு ஆள் இல்லை. பெரிய காரணம் எதுவும் அன்றைக்குத் தோன்றவில்லை.

பொங்கோல்_அப்பா
எல்லாவற்றையும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன். மீனா தங்கச்சி எழுதியதற்குச் சிரித்தாள், கலா அக்கா எழுதியதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். சரி என்று சொல்லவில்லை, ஆனால் அவனிடம் பேச ஆரம்பித்திருக்கிறாள், அதுவும் சாப்பாட்டைப் பற்றித்தான். நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம், வெள்ளிக்கிழமை சைவம். மாதக்கணக்கில் வெளியே போனால் என்ன சாப்பிடுவான் என்கிறாள். அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை, அதற்கும் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கடல்_கணக்கு
சைவம் முன்கூட்டியே சொன்னால் செய்துதருவார்கள், பட்டினி கிடக்கமாட்டான். நீண்ட பயணத்தில் முதல் வாரத்துக்குப் பிறகு பச்சைக் கீரை குறையும், உறைந்த காய்கறிதான். ஊறுகாய் கொடுத்துவிடச் சொல்லுங்கள், கண்ணாடி ஜாடி வேண்டாம், பிளாஸ்டிக். அவன் ஒருவனுக்கு என்று கொடுக்காதீர்கள், மெஸ் முழுக்கக் கை நீட்டும்.

ஓஆர்டி_ஆச்சு
பரிசோதனையில் நிறம் பார்க்கும் சோதனையைக் கவனிக்கச் சொல்லுங்கள் அங்கிள், புள்ளிப் புள்ளியாக எண் தெரியுமே அது. சில பிரிவுகளுக்கு அது முக்கியம், மின்கம்பியின் நிறம் பார்க்கவேண்டும் இல்லையா. முந்தைய ராத்திரி நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள், ரத்த அழுத்தம் ஏறினால் இன்னொரு நாள் வரச்சொல்வார்கள்.

எதிர்க்கட்சி
என் ஓட்டு மாறவில்லை. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, எத்தனை வருடம் கட்டு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும், படிக்கப் போனால் கட்டு நீளுமா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்து. அண்ணியைப் படிக்கச் சொல்லுங்கள், அவர்தான் சரியாகப் படிப்பார்.

பொங்கோல்_அப்பா
அவள் ஏற்கெனவே படிக்க ஆரம்பித்துவிட்டாள், பென்சிலோடு. பரிசோதனைக்கும் கூடப் போகிறேன் என்கிறாள். மகன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஓஆர்டி_ஆச்சு
ஆன்ட்டியை உள்ளே விடமாட்டார்கள் அங்கிள். பக்கத்தில் கோப்பிக் கடை எது என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அங்கே உட்காரச் சொல்லுங்கள்.